கடை யாருடையது? மயிலாப்பூர் மாவடு முதல் அடையாறு சாமை வரை ஒரு நாள் நடை

மாசி பாதி தாண்டிவிட்டால் போதும், மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் மாவடுக் கூடைகள் வந்து உட்கார்ந்துவிடும். உருண்டை வடு, நீள வடு, காம்போடு இருப்பது, காம்பு உதிர்ந்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை. வாங்க வரும் மாமிகள் காம்பைக் கிள்ளிப் பார்த்து, பால் வந்தால்தான் அடுத்த பேச்சே பேசுவார்கள். கிலோக் கணக்கு வந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டாலும், "படி என்ன விலை?" என்று கேட்கும் குரலை அங்கே இன்னும் கேட்கலாம்.

கபாலீஸ்வரர் கோயிலைச் சுற்றியிருக்கும் நான்கு மாட வீதிகளும் ஒரு சமையல் காலண்டர் மாதிரி. தை பிறந்தால் மஞ்சள் கொத்து, மொச்சை, கரும்பு, பரங்கிக்காய். நவராத்திரிக்கு கொலு பொம்மைகளுக்குப் பக்கத்திலேயே சுண்டல் சாமான். கார்த்திகைக்குப் பொரி. கோடை வந்தால் வடாம், மோர் மிளகாய். மாகாளிக்கிழங்கு வரும் நாட்களில் அந்த வாசனையே தெருவைக் காட்டிக் கொடுத்துவிடும். கச்சேரி சாலைப் பக்கம் திரும்பினால் நூறு வருடத்தைத் தாண்டிய டப்பா செட்டி கடை. பிரசவ லேகியத்துக்கு இன்றும் தேடி வருகிறார்கள்.

ஆக, 'பாரம்பரிய உணவை மக்கள் மறந்துவிட்டார்கள்' என்ற புலம்பல் மயிலாப்பூரில் எடுபடாது. வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். மொட்டை மாடியில் வேட்டியை விரித்து வடாம் பிழிகிறவர்களும், வீட்டிலேயே பிரண்டை அப்பளம் இடுகிறவர்களும் மந்தைவெளி, ராஜா அண்ணாமலைபுரம் சந்துகளில் இன்னும் இருக்கிறார்கள். இவர்கள் இருவருக்கும் நடுவில் இருக்கும் கடை மட்டும் இருவருக்குமே சொந்தமில்லை. வீட்டில் செய்து கடைக்குப் போடுகிறவர்கள் சொல்லும் கதை பெரும்பாலும் ஒன்றுதான். சரக்கை இன்று கொடுக்க வேண்டும், பணம் விற்ற பிறகு வரும், விற்காமல் நமுத்துப்போனது திரும்பி வரும். விலையைத் தீர்மானிப்பது கடைக்காரர். அவரையும் குறை சொல்ல முடியாது. மாட வீதி வாடகை அப்படி.

அப்படியானால் செய்கிறவர்களும் வாங்குகிறவர்களும் சேர்ந்து கடையைத் தாங்களே வைத்துக்கொண்டால் என்ன? கேட்க புதுசாக, ஸ்டார்ட்அப் யோசனை மாதிரி இருக்கிறதா? பறக்கும் ரயிலில் ஏறினால் மூன்றாவது ஸ்டேஷனில் இதற்கு 120 வருடத்துக்கு மேற்பட்ட பதில் ஒன்று இருக்கிறது.

சட்டத்தை முந்திய கடை

லஸ் முனையில் மெட்ரோ வேலைக்காக அடைத்து வைத்திருக்கும் தகரங்களைச் சுற்றிக்கொண்டு திருமயிலை ஸ்டேஷனுக்குப் போனால், முண்டகக்கண்ணியம்மன் கோயில், கலங்கரை விளக்கம், அடுத்தது திருவல்லிக்கேணி. அங்கிருந்து பெரிய தெரு நடக்கிற தூரம்தான். இந்து உயர்நிலைப் பள்ளி இருக்கும் தெரு. அந்தப் பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்தவர் வி.எஸ்.சீனிவாச சாஸ்திரி. பின்னாளில் பெரிய அரசியல் தலைவராக, ஆங்கிலப் பேச்சாளராகப் பெயர் எடுத்தவர். 1904-ல் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவு சங்கத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். இன்று எல்லோருக்கும் தெரிந்த பெயரில் சொன்னால், டி.யூ.சி.எஸ்.

அந்த வருடத்தில் ஒரு விசேஷம் உண்டு. இந்தியாவின் முதல் கூட்டுறவுச் சட்டம் வந்ததும் 1904-ல்தான். ஆனால் அது கடன் சங்கங்களுக்கான சட்டம். விவசாயி வட்டிக்காரரிடம் சிக்காமல் இருக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். அரிசி, பருப்பு விற்கும் சங்கத்துக்கெல்லாம் அதில் இடமில்லை. மற்ற வகைக் கூட்டுறவு சங்கங்களையும் சேர்த்துக்கொண்ட சட்டம் 1912-ல்தான் வந்தது. அதாவது, திருவல்லிக்கேணி மாதச் சம்பளக்காரர்கள் சட்டத்துக்கு முன்னாலேயே கடையைத் திறந்துவிட்டார்கள்!

அவர்களுக்கு முன்மாதிரி இங்கிலாந்தில் இருந்தது. 1844 டிசம்பரில் ராச்டேல் என்ற ஊரில் 28 பேர் ஆளுக்கு ஒரு பவுண்டு போட்டு ஒரு கடை திறந்தார்கள். அவர்களில் நெசவாளர்களும் மற்ற கைவேலைக்காரர்களும் இருந்தார்கள். வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்ஸ், மெழுகுவத்தி. அவ்வளவுதான் சரக்கு. மாவில் சுண்ணாம்புப் பொடி கலந்து விற்ற காலம் அது. கலப்படம் இல்லாத பொருள், சரியான எடை, கடன் கிடையாது, எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரு ஓட்டு என்று விதி வைத்தார்கள். வருடக் கடைசியில் மிஞ்சும் லாபத்தை யார் எவ்வளவு பணம் போட்டார்கள் என்று பார்த்துப் பிரிக்கவில்லை. யார் எவ்வளவு சாமான் வாங்கினார்கள் என்று பார்த்துப் பிரித்தார்கள். கடையில் அதிகம் வாங்கியவருக்கு அதிகம் திரும்பி வரும். இன்றைய 'கேஷ்பேக்' மாதிரிதான். ஒரே வித்தியாசம், இது வாங்கியவரின் சொந்தக் கடையிலிருந்து வரும் பணம்.

மயிலாப்பூருக்கும் இந்தப் பழக்கம் புதிதல்ல. மயிலாப்பூர் இந்து பெர்மனன்ட் ஃபண்ட் 1872-ல் தொடங்கியது. உறுப்பினர்கள் போடும் பணத்தை உறுப்பினர்களுக்கே கடன் கொடுக்கும் நிதி அது. காசு விஷயத்திலேயே அக்கம்பக்கத்தாரை நம்பிய ஊர் இது. அப்பள விஷயத்தில் நம்பாமலா போகும்?

உறுப்பினரா, வரிசையில் நிற்பவரா?

திருவல்லிக்கேணியிலிருந்து தேனாம்பேட்டைக்கு வந்தால், அண்ணா சாலையில் டி.யூ.சி.எஸ். நடத்தும் காமதேனு சிறப்பங்காடி. குளிர்பானம், சோப்பு, மளிகை என்று சாதாரண சூப்பர் மார்க்கெட் மாதிரிதான் இருக்கும். இதே சங்கம் ரேஷன் கடைகளையும் நடத்துகிறது. 2013-ல் காய்கறி விலை எகிறியபோது அரசு திறந்த பண்ணைப் பசுமைக் கடைகளை நடத்தியதும் கூட்டுறவு சங்கங்கள்தான். ஒரு தெருக் கடையாகத் தொடங்கியது நகரத்தின் பெரிய விநியோக வலையாக வளர்ந்திருக்கிறது. சின்ன விஷயமில்லை.

ஆனாலும் எனக்கு ஒரு சந்தேகம் போகவில்லை. இந்தக் கடைகளில் சாமான் வாங்கும் என் வயதுக்காரர்களில் எத்தனை பேருக்கு இது உறுப்பினர்களுக்குச் சொந்தமான சங்கம் என்று தெரியும்? 'கவர்மென்ட் கடை' என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். அப்படிச் சொல்ல காரணமும் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து ரேஷன், 1962 போருக்குப் பிறகு மத்திய அரசு கொண்டுவந்த நுகர்வோர் கூட்டுறவுத் திட்டம் என்று நெருக்கடி வரும்போதெல்லாம் அரசு இந்தச் சங்கங்களைக் கையில் எடுத்தது. பணம் வந்தது, கிளைகள் வந்தன, கூடவே அதிகாரிகளும் வந்தார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகக் குழு இல்லாத காலங்களில் தனி அலுவலர்தான் எல்லாம். கடை பிழைத்தது. ஆனால் கடைக்குச் சொந்தக்காரர் கொஞ்சம் கொஞ்சமாக வரிசையில் நிற்கும் வாடிக்கையாளர் ஆகிவிட்டார். புதிதாக ஒன்று தொடங்க நினைப்பவர்கள் யோசிக்க வேண்டிய இடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

காமதேனுவிலிருந்து தியாகராய சாலையில் நடந்தால் பாண்டி பஜார். 2019-ல் அகலமாக்கிய நடைபாதையில் மாலையில் குழந்தைகள் ஓடி விளையாடுகிறார்கள். தி.நகரில் எந்தப் பெரிய கடைக்குள் போனாலும் இப்போது 'பாரம்பரியம்' என்று ஒரு வரிசை இருக்கிறது. பழுப்புக் காகிதப் பை, சணல் கயிறு, மண் நிற எழுத்து. கருப்பு கவுனி, மாப்பிள்ளை சம்பா, பூங்கார் எல்லாம் அரை கிலோ, கால் கிலோ பாக்கெட்டில். விலையைப் பார்த்ததும் பாக்கெட்டை மெதுவாக அதே இடத்தில் வைத்துவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம். திருத்துறைப்பூண்டிப் பக்கம் நெல் ஜெயராமன் நெல் திருவிழா நடத்தி, 170-க்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடிச் சேர்த்தார். விதை வாங்கிப் போகும் விவசாயி அடுத்த வருடம் இரண்டு மடங்காகத் திருப்பித் தர வேண்டும் என்பது அங்கே வழக்கம். 2018-ல் அவர் மறைந்தார். விதை அப்படிக் கைமாறி வந்தது. அரிசி ஆனதும் சணல் கயிறு கட்டிக்கொண்டு வேறு ஆளாகிவிடுகிறது.

ரங்கநாதன் தெருவைப் பற்றி எழுத எதுவுமில்லை. கூட்டத்தில் நான் பார்த்தது முன்னால் போனவரின் முதுகு மட்டும்தான்.

அடையாறு பக்கம்

இந்தக் கதையின் புது அத்தியாயம் தெற்கே இருக்கிறது. 2008 வாக்கில் கொட்டிவாக்கத்தில் 'ரீஸ்டோர்' என்ற கடை தொடங்கியது. இயற்கை விவசாயிகளிடம் நேரடியாக வாங்கி, லாப நோக்கம் இல்லாமல், தன்னார்வலர்கள் மாறி மாறி உட்கார்ந்து நடத்திய கடை. பிறகு அதே சிந்தனையில் அடையாறு, திருவான்மியூர் எனத் தொடங்கி நகரின் பல பகுதிகளில் 'ஆர்கானிக் ஃபார்மர்ஸ் மார்க்கெட்' கிளைகள் வந்தன. சில கிளைகள் யாரோ ஒருவருடைய வீட்டு முன்னறையிலேயே இயங்கின. காய் வரும் நாள் தெரிந்து பையோடு வந்து நிற்பவர்கள், எது வந்திருக்கிறதோ அதை வைத்து அந்த வாரச் சமையலைத் தீர்மானிப்பவர்கள் என்று ஒரு தனிக் கூட்டம் உருவானது. பத்து நிமிட டெலிவரியில் வளர்ந்த எனக்கு இது ஆச்சரியம். 'இன்று கேரட் இல்லை' என்று கடைக்காரர் சொன்னால் கோபப்படாத வாடிக்கையாளரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

கொஞ்ச தூரத்தில் தரமணியில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம். கொல்லிமலையில் சாமை, தினை விளைவிக்கும் குடும்பங்களோடு பல வருடம் வேலை செய்த நிறுவனம் இது. அங்கே சிறுதானியம் குறைந்ததற்கு ஒரு முக்கியக் காரணம், அதை இடிக்கிற கை வலி. உமி நீக்குவது முழுக்கப் பெண்கள் தலையில் விழுந்த வேலை. அரிசி ரேஷனில் கிடைக்கும்போது யார் உலக்கை பிடிப்பார்கள்? ஊருக்குள்ளேயே சின்ன உமி நீக்கும் இயந்திரங்களை வைத்து, அதை ஊர்க் குழுக்களே நடத்தும்படி செய்தபோதுதான் சாமை மறுபடி சமையலறைக்கு வந்தது, மிச்சம் விற்பனைக்கும் வந்தது. அடையாறில் நாம் வாங்கும் ஒரு கிலோ சாமைக்குப் பின்னால் சமையல் குறிப்பைவிட இந்த மெஷின்தான் முக்கியம்.

இதையே இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனவர்கள் நீலகிரியில் இருக்கிறார்கள். கோத்தகிரியை மையமாகக் கொண்டு 2013-ல் பதிவான 'ஆதிமலை பழங்குடியினர் உற்பத்தியாளர் நிறுவனம்' தேன், சிறுதானியம், காபி போன்றவற்றை வாங்கி, பக்குவப்படுத்தி விற்கிறது. பங்குதாரர்கள் அந்த மலையின் பழங்குடி மக்களே. 2021-ல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஈக்வேட்டர் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது. அப்பளத்துக்கே உதாரணம் வேண்டுமென்றால் மும்பையைப் பார்க்கலாம். 1959 மார்ச்சில் கிர்காவ் பகுதியில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி, முதல் நாள் நான்கு பாக்கெட் அப்பளம் இட்டார்கள். அதுதான் லிஜ்ஜத். இன்றும் அப்பளம் இடுகிற பெண்கள்தான் அதன் உரிமையாளர்கள். நம்மூரில் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா இருக்கிறது. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய அந்த இனிப்பை அங்குள்ள பால் கூட்டுறவு சங்கமும் செய்து விற்கிறது.

சரி, கணக்கு?

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்த்தேன். மயிலாப்பூர், தி.நகர், அடையாறு மூன்றிலும் சேர்த்து 200 குடும்பங்கள் ஆளுக்கு 1,000 ரூபாய் பங்கு போடுகின்றன. கையில் 2 லட்சம். இது சரக்கு வாங்க. ஒவ்வொரு குடும்பமும் மாதம் 1,500 ரூபாய்க்கு வாங்கினால் விற்பனை 3 லட்சம். செய்கிறவருக்கும் விவசாயிக்கும் 85 சதவிகிதம் போகட்டும். கடைக்கு 15 சதவிகிதம், அதாவது 45,000. முழுநேரம் ஒருவருக்குச் சம்பளம் 18,000, உள் சந்தில் ஓர் அறைக்கு வாடகை 12,000, வண்டு பிடித்தது, நமுத்தது, கசந்தது என்று விற்பனையில் 3 சதவிகிதம் கழிவு 9,000. மீதி 6,000 ரூபாயில் கரன்ட், வண்டி வாடகை, பை. இழுத்துப் பிடித்தால் ஓடும்.

இப்போது 200 குடும்பங்களில் 80 குடும்பம் மூன்றாவது மாதமே 'வேலை ஜாஸ்தி, ஆப்லயே வாங்கிக்கிறேன்' என்று நின்றுவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். விற்பனை 1,80,000. கடைக்கு 27,000. சம்பளமும் வாடகையும் மட்டுமே 30,000. கழிவு 5,400. மாதம் 8,400 ரூபாய் பள்ளம். இரண்டு வருடத்துக்குள் பங்குப் பணம் முழுக்கக் கரைந்துவிடும். வெளியே போட்டிக் கடை எதுவுமே தேவையில்லை. சொந்த உறுப்பினர் வாங்காமல் இருந்தாலே போதும்.

கழிவை லேசாக நினைக்க வேண்டாம். சிறுதானியத்தின் தவிட்டில் எண்ணெய் உண்டு. உமி நீக்கிய பிறகு அது சீக்கிரம் சிக்குப் பிடிக்கும். கம்பு மாவெல்லாம் கோடையில் சில நாட்களிலேயே கசக்க ஆரம்பித்துவிடும். தீட்டாத அரிசியில் வண்டு நம்மைவிட முந்திக்கொள்ளும். ரசாயனம் போடாத சரக்கு என்று பெருமை பேசிவிட்டு, ஆறு மாதத்துக்கு வாங்கி அடுக்கி வைத்தால் கடை வண்டுகளுக்குத்தான் சொந்தம். எனவே முதலில் ஆர்டர், பிறகு சரக்கு. மாதம் 20-ம் தேதிக்குள் வாட்ஸ்அப்பில் பட்டியல், ஜிபேயில் முன்பணம், ஒன்றாம் தேதி ஞாயிறோ திங்களோ, வந்து எடுத்துக்கொள்வது. அப்பளம் இடுகிறவருக்கு உளுந்து வாங்கவே அந்த முன்பணம் உதவும். விற்ற பிறகு காசு என்ற பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

நியூயார்க்கின் புரூக்ளினில் 1973 முதல் இயங்கும் பார்க் ஸ்லோப் கூட்டுறவுக் கடையில் இன்னொரு வழி வைத்திருக்கிறார்கள். உறுப்பினர்தான் வாங்க முடியும், ஒவ்வோர் உறுப்பினரும் சில வாரங்களுக்கு ஒருமுறை கடையில் வேலை செய்ய வேண்டும். டாக்டர் மூட்டை தூக்குகிறார், வக்கீல் பில் போடுகிறார். சம்பளச் செலவு குறைகிறது. நம்மூரில் நடக்குமா? ரிட்டயர் ஆனவர்கள் மயிலாப்பூரில் குறைவில்லை. கணக்கு எழுத ஆள் கிடைக்கும். மூட்டை தூக்கத்தான் என் வயதுக்காரர்கள் வர வேண்டும்.

சட்டத்தில் ஒரு முடிச்சு இருக்கிறது. கூட்டுறவு சங்கமாகப் பதிவு செய்தால் 1983-ம் ஆண்டு தமிழ்நாடு கூட்டுறவு சங்கங்கள் சட்டம். செய்கிறவர், வாங்குகிறவர் இருவரும் உறுப்பினர் ஆகலாம். ஆனால் பதிவாளரின் மேற்பார்வை நெருக்கமாக இருக்கும். உற்பத்தியாளர் நிறுவனமாகப் பதிவு செய்ய பத்துப் பேர் போதும். குடிசைத் தொழிலும் அதன் வரம்புக்குள் வருவதால் அப்பளம் இடுகிறவர்களுக்கும் இடமுண்டு. அங்கே வாங்குகிற நமக்கு ஓட்டு இல்லை. டிரஸ்டாக வைத்தால் வேலை சுலபம், ஆனால் லாபத்தைப் பிரித்துக்கொள்ள முடியாது. என்னைக் கேட்டால், செய்கிறவர்கள் பத்துப் பேர் உற்பத்தியாளர் நிறுவனமாகவும், வாங்குகிறவர்கள் முன்பணம் கட்டும் குழுவாகவும் தொடங்குவதுதான் நடக்கிற காரியம். ஓட்டு இல்லையே என்ற குறைக்கு, விலைக் குழுவில் வாங்குகிறவர்களுக்கும் இரண்டு நாற்காலி போடலாம். எப்படித் தொடங்கினாலும் உணவுப் பாதுகாப்புத் துறையிடம் பதிவு வேண்டும். ஊறுகாய் பாட்டிலில் செய்த தேதி ஒட்ட வேண்டும். 'வீட்டுச் சமையல்தானே' என்பது அங்கே செல்லாது.

எதை விற்பது? பத்துப் பொருள் போதும். அப்பளம், அரிசி வடாம், மணத்தக்காளி வற்றல், மோர் மிளகாய், ஒரு ஊறுகாய், பருப்புப் பொடி, தூயமல்லி அரிசி, சாமை, செக்கு நல்லெண்ணெய், கருப்பட்டி. இதில் ஏழு பொருள் வெயில் காலத்தில் செய்து வைத்தால் மழைக்காலம் வரை தாங்கும். மற்ற மூன்றுக்கும் மாதா மாதம் ஆர்டர். கடை வாசலில் ஒரு பலகை. ஒவ்வொரு பொருளுக்கும் நேரே மூன்று எண்கள்: செய்தவருக்கு எவ்வளவு, கடைக்கு எவ்வளவு, வீணானது எவ்வளவு. தி.நகர் சணல் பையில் எத்தனை தேடினாலும் கிடைக்காத விவரம் அது.

முதல் ஆறு மாதத்துக்கு வாடகை அறைகூட வேண்டாம். மந்தைவெளியில் ஸ்டேஷனுக்கு நடக்கிற தூரத்தில், ஞாயிற்றுக்கிழமை காலையில் பூட்டியே கிடக்கும் ஒரு பள்ளி ஹால் இருக்கிறது. மயிலாப்பூர்க்காரர்கள் நடந்து வரலாம், அடையாறுக்காரர்கள் பறக்கும் ரயிலில் கஸ்தூரிபா நகரில் ஏறி வரலாம், தி.நகர்க்காரர்களுக்கு பஸ். எங்கள் அலுவலகத்தில் நான்கு பேர் ஆளுக்கு ஆயிரம் ரூபாய் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அப்பளம் இடுகிற இரண்டு அக்காக்கள், "முன்பணம் நெஜமா குடுப்பீங்களா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார்கள். ஹாலைக் கேட்கத் தலைமை ஆசிரியரை வரும் புதன்கிழமை பார்க்கப் போகிறோம்.